மடிக்கணினி ரேம்: கூட்டுவது எப்படி, முழு வேகத்தில் ஓடவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிக்கணினியில் ரேம் மாற்றுவது சிறிய வேலைதான். எதை வாங்குவது, வாங்கிப் போட்டபின் அட்டையில் எழுதியிருந்த வேகம் ஏன் வரவில்லை என்ற இரண்டு இடங்களில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ரேம் சில்லுகள் பதிந்த சிறிய பலகையான ஸ்டிக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண், அந்த ஸ்டிக்கால் எட்ட முடிந்த உச்சம் மட்டுமே. உண்மையில் எந்த வேகத்தில் ஓடும் என்பதை ப்ராசஸரும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸும், பக்கத்து ஸ்லாட்டில் (ஸ்டிக்கைச் செருகும் இடம்) இருக்கும் ஸ்டிக்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமையும்.

என் மடிக்கணினி மெதுவாக இருக்கிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

ரேம் போதாமல் மெதுவாகிறது என்றால் சரியாகும். வேறு காரணம் என்றால் ஆகாது. இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லா நிரல்களையும் பிரவுசர் டேப்களையும் திறந்து வைத்துவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள். பயன்பாடு 85, 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நிற்கிறது, டிஸ்க்கும் ஓயாமல் உழைக்கிறது என்றால் ரேம் பற்றவில்லை. இடம் இல்லாததால் விண்டோஸ் தரவுகளை டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. நல்ல எஸ்எஸ்டிகூட ரேமோடு ஒப்பிட்டால் மிகவும் மெதுவானது என்பதால் அந்த இடைவெளி கைக்கே தெரியும்.

உச்சக்கட்ட வேலையிலும் பயன்பாடு பாதியைத் தாண்டவில்லை என்றால் ரேமில் பணம் போடாதீர்கள். இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் விண்டோஸ் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம். இந்த வரிசையை மாற்ற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 16 ஜிபி போட்டபின் அதே நிரல்கள் முன்பைவிட அதிக ரேம் எடுப்பதுபோல் தெரியும். காலியாக இருக்கும் இடத்தை விண்டோஸ் கேஷாக, அதாவது தேவைப்படக்கூடியதை முன்கூட்டியே எடுத்து வைக்கும் இடமாக, பயன்படுத்திக்கொள்கிறது. அது நல்லதுதான்.

எந்த மடிக்கணினியிலும் ரேம் மாற்ற முடியுமா?

முடியாது. மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பெயரில் எல்பிடிடிஆர் என்று தொடங்கும் வகைகள் ஏறக்குறைய எப்போதும் அப்படித்தான். ஆப்பிளில் 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோ முதற்கொண்டு ரேம் போர்டோடு ஒட்டியது. 2020-இல் வந்த எம்1 முதல் அது ப்ராசஸரின் உறைக்குள்ளேயே போய்விட்டது. 2024-இல் இன்டெல் வெளியிட்ட லூனார் லேக் ப்ராசஸர்களிலும் ரேம் ப்ராசஸரோடு ஒரே உறையில்தான் இருக்கிறது. இவற்றையெல்லாம் வாங்கும்போதே போதுமான அளவில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சில மாடல்கள் பாதிவழி: 8 ஜிபி போர்டில் ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். டாஸ்க் மேனேஜர் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு கணக்குச் சொல்லும். ஆனால் ஒட்டிய சில்லுகளையும் அது ஸ்லாட்டாகக் கணக்கிடுவது உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி ஸ்டிக் வாங்காதீர்கள். மடிக்கணினியின் முழு மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சேவைக் கையேட்டைப் பாருங்கள். அல்லது அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

இப்போது மூன்றாவது வழி ஒன்றும் வந்திருக்கிறது. கேம் என்று அழைக்கப்படும் தட்டையான ரேம் பலகை, 2022-இல் டெல் ப்ரிசிஷன் மாடல்களில் முதலில் வந்தது. ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 இறுதியில் கேம்2 என்ற பொதுத் தரமாக அதை ஏற்றது. அதன் எல்பிகேம்2 வடிவத்தில், ஒட்டியே வந்துகொண்டிருந்த எல்பிடிடிஆர் ரேமைக்கூடக் கழற்றி மாற்றலாம். இது பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எந்த வகை ரேம் வாங்க வேண்டும்?

மடிக்கணினி ரேமுக்கு எஸ்ஓ-டிம் என்று பெயர். மேசைக் கணினியின் நீளமான ஸ்டிக் இதில் பொருந்தாது. டிடிஆர் என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண் ரேமின் தலைமுறையைக் குறிக்கும். தலைமுறைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வகை தவறு.

மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. இதில் டிடிஆர்3-ஐயும் டிடிஆர்3எல்-ஐயும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் நுழையும். ஆனால் 1.35 வோல்ட்டுக்காக மட்டும் வடிவமைத்த மடிக்கணினி 1.5 வோல்ட் ஸ்டிக்கோடு இயங்காது. பழைய கணினிக்கு வாங்குகிறீர்கள் என்றால் டிடிஆர்3எல் வாங்குங்கள். பெரும்பாலானவை இரண்டு மின்னழுத்தத்திலும் இயங்கும்.

அதிகபட்சம் எவ்வளவு போடலாம்?

ப்ராசஸருக்கு ஒரு வரம்பு, மடிக்கணினித் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு ஒன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக இன்டெல் கோர் ஐ5-8250யு 32 ஜிபி வரை ஏற்கும். மடிக்கணினி வெளிவந்த காலத்தில் பெரிய ஸ்டிக்குகள் சந்தையில் இல்லாததால் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த அளவோடு நிறுத்தியிருக்கலாம். அப்படிப்பட்ட மாடலில் அதற்கு மேலும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் முயன்று பார்க்கலாம். ப்ராசஸரின் வரம்பைத் தாண்டலாம் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிடிஆர்5-இல் வரும் 24, 48 ஜிபி ஸ்டிக்குகளுக்குப் பயாஸின் ஆதரவும் வேண்டும். வாங்கும் முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

3200 என்று எழுதிய ரேம் வாங்கினேன். 2667 அல்லது 2400 என்றுதான் காட்டுகிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. இந்த எண்கள் ரேம் வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவை அனுப்புகிறது என்பதைச் சொல்கின்றன. ஸ்டிக் பழுதானதாக இருப்பது மிக அரிது. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வாருங்கள்.

முதலில் ப்ராசஸர். ரேமை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி இன்றைய ப்ராசஸர்களுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று ஓர் உச்ச வேகம் உண்டு. ஐ5-8250யு-வுக்கு டிடிஆர்4-இல் 2400. ஐ7-8750ஹெச், ஐ7-9750ஹெச் இரண்டுக்கும் 2666. ஐ7-10750ஹெச்-க்கு 2933. ஏஎம்டியில் ரைசன் 5 3500யு-வுக்கு 2400, ரைசன் 5 4600ஹெச், 5600ஹெச் ஆகியவற்றுக்கு 3200. டிடிஆர்5 காலத்தில் ரைசன் 7 6800ஹெச்-க்கு 4800, 7840ஹெச்எஸ்-க்கு 5600. உங்கள் ப்ராசஸரின் பெயரை இன்டெல் அல்லது ஏஎம்டியின் தளத்தில் தேடினால் மெமரி வகை என்ற வரியில் இந்த எண் இருக்கும். ஐ7-9750ஹெச் மடிக்கணினியில் 3200 ஸ்டிக் போட்டு 2667 காட்டினால், அதுதான் அந்தக் கணினியின் முழு வேகம். சரிசெய்ய எதுவும் இல்லை.

ப்ராசஸர் 3200-ஐ ஏற்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால், அடுத்ததாக ஸ்டிக்கின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சிறிய சில்லு இருக்கிறது. எந்தெந்த வேகத்தில், எந்தெந்தத் தாமதங்களோடு தன்னால் ஓட முடியும் என்ற பட்டியல் அதில் பதிந்திருக்கும். கணினி தொடங்கும்போது பயாஸ் அதைப் படித்துத்தான் வேகத்தை வைக்கிறது. இந்தப் பட்டியலில் இரண்டு பகுதிகள் இருக்கலாம். ஒன்று, ஜெடெக் தரப்படி அமைந்த வேகங்கள். எல்லா மடிக்கணினியும் இதைப் படிக்கும். மற்றொன்று, இன்டெல்லின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ என்ற கூடுதல் பகுதி. பயாஸில் போய் நாமே இயக்கினால்தான் இது நடைமுறைக்கு வரும். பெரும்பாலான மடிக்கணினிகளின் பயாஸில் அந்த வசதியே இல்லை.

ஆகவே 3200 என்பது எக்ஸ்எம்பி பகுதியில் மட்டும் எழுதப்பட்ட ஸ்டிக்கை வாங்கினால், உங்கள் மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளாமல் ஜெடெக் பகுதியில் உள்ள 2400 அல்லது 2666-இல் ஓட்டும். வாங்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டிடிஆர்4 3200 ஸ்டிக்கில் 1.2 வோல்ட், சிஎல்22 (சிஎல் என்பது தாமதத்தைக் குறிக்கும் எண்) என்று எழுதியிருந்தால் அது ஜெடெக் வேகம். போட்டவுடன் 3200 வரும். 1.35 வோல்ட், சிஎல்16 என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் எக்ஸ்எம்பி. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும், ஆனால் உங்கள் மடிக்கணினியில் சாதாரண ஸ்டிக்கைவிட மெதுவாக ஓடும். பணம் அதிகம் கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். டிடிஆர்5-க்கும் இதே விதி: 1.1 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பக்கத்து ஸ்டிக். பழைய 2666 ஸ்டிக்கோடு புதிய 3200-ஐப் போட்டால் இரண்டும் 2666-இல்தான் ஓடும். இரட்டை மாட்டு வண்டி மெதுவான மாட்டின் நடைக்கே போகும். போர்டில் ஒட்டியிருக்கும் ரேமும் இந்தக் கணக்கில் சேரும். அது 2666 என்றால், ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் 2666-ஐத் தாண்டாது.

இவை எதுவும் இல்லை என்றால் பயாஸ். சில மாடல்களில் தயாரிப்பாளரே ப்ராசஸரின் உச்சத்துக்குக் கீழே வரம்பு வைத்திருப்பார். சிலவற்றில் பிற்காலப் பயாஸ் பதிப்பு அதைச் சரிசெய்திருக்கும். புதுப்பித்துப் பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால், பயாஸைப் புதுப்பிக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை தொடங்கும்போது அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடக்கூடும்.

ப்ராசஸர், ரேம் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் நிரல் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. பாதி வேகமா?

இல்லை. டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு முறை தரவை அனுப்புகிறது. 1600 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு என்றால் வினாடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றங்கள். சிபியு-இசட் காட்டுவது துடிப்பை, டாஸ்க் மேனேஜர் காட்டுவது பரிமாற்றத்தை. 1596, 1597 என்று சற்றே குறைவாகத் தெரிந்தாலும் சரிதான்.

1600-ஐவிட மிகவும் குறைவாக, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க ப்ராசஸரே ரேமின் வேகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. சார்ஜரை இணைத்து, ஏதாவது கனமான வேலையை ஓடவிட்டுவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான வேகம்.

ஒரு பெரிய ஸ்டிக்கா, இரண்டு சிறிய ஸ்டிக்குகளா?

இரண்டு. மடிக்கணினி வேகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் மிக முக்கியமானது இதுதான்.

சாதாரண மடிக்கணினி ப்ராசஸரில் ரேமுக்கு இரண்டு சேனல்கள், அதாவது தரவு போய்வரும் பாதைகள், உண்டு. ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். டிடிஆர்4 3200-இல் ஒரு சேனல் வினாடிக்கு 25.6 ஜிகாபைட் கொண்டுபோகும். 3200 மில்லியன் பரிமாற்றம், ஒவ்வொன்றிலும் 8 பைட், பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் அது 51.2 ஆகிறது. இப்போது இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒற்றை ஸ்டிக்கை 2666-இலிருந்து 3200-க்கு உயர்த்தினால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதே 2666-இல் இரண்டாவது ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டு மடங்கு. வேகத்தின் எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர் காலி ஸ்லாட்டைக் கவனிப்பதே இல்லை.

தனி கிராஃபிக்ஸ் இல்லாத மடிக்கணினியில் இதன் பலன் மிக வெளிப்படையாகத் தெரியும். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. திரையில் தெரிவது அனைத்தையும் அது இதே ரேமில்தான் எழுதிப் படிக்கிறது. ஒற்றைச் சேனலில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் இது பெயரிலேயே தெரிந்துவிடும். இரண்டு சேனலும் நிரம்பியிருந்தால் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும் அதே கிராஃபிக்ஸ், ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் யுஹெச்டி என்று காட்டும். புத்தம் புதிய, நல்ல ப்ராசஸர் கொண்ட மடிக்கணினிகள் ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கோடு விற்கப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. வாங்கியவர் தன் கணினியின் திறனில் பாதியைக்கூடப் பார்க்காமலே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்.

இரண்டு சேனல் இயங்குகிறதா என்பதைச் சிபியு-இசட்டின் மெமரி பகுதியில் பார்க்கலாம். டிடிஆர்5-இல் ஒரே ஸ்டிக் இரண்டு 32 பிட் துணைச் சேனல்களாகப் பிரிந்திருக்கும். அதனால் சில மென்பொருள்கள் ஒரு ஸ்டிக்குக்கே இரட்டை என்று காட்டும். மொத்த அகலம் 64 பிட்தான். அதை வைத்து நிறைவடைந்துவிடாதீர்கள்.

பழைய 8 ஜிபி-யோடு புதிய 16 ஜிபி சேர்த்தால் இரட்டைச் சேனல் கிடைக்குமா?

பெரும்பகுதிக்குக் கிடைக்கும். இன்டெல் இதை ஃபிளெக்ஸ் முறை என்கிறது. ஏஎம்டியிலும் இதுபோலவே நடக்கிறது. இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் எட்டு எட்டாக எடுத்து 16 ஜிபி இரட்டைச் சேனலாக இயங்கும். மிஞ்சிய 8 ஜிபி ஒற்றைச் சேனலில் இருக்கும். மொத்தம் 24 ஜிபி. அன்றாட வேலையில் வேறுபாட்டை உணர்வது கடினம். இருக்கும் ஸ்டிக் நல்ல வேகம் கொண்டது என்றால், அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஜோடி வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

வேறு வேறு தயாரிப்பாளரின் ஸ்டிக்குகளைச் சேர்ப்பதும் பெரும்பாலும் சிக்கலில்லை. தலைமுறையும் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகமும் தாமதமும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. டிடிஆர்5-இல் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அதிவேகத்தில் ஓடுவதால் சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் அடம் பிடிக்கும். அங்கே ஒரே பெட்டியில் வரும் ஜோடியை வாங்குவதே மேல்.

லேபிளில் இருக்கும் 1ஆர்எக்ஸ்8, பிசி4-3200 என்பதெல்லாம் என்ன?

பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. அடுத்து வரும் எண் வேகம். சில லேபிள்களில் வேகத்துக்குப் பதில் வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்று எழுதியிருக்கும்: பிசி4-25600 என்றால் 3200, பிசி4-21300 என்றால் 2666, பிசி5-38400 என்றால் 4800, பிசி5-44800 என்றால் 5600.

முன்னால் இருக்கும் 1ஆர், 2ஆர் என்பது ரேங்க், அதாவது ஒரே சேனலில் மாறி மாறி வேலை செய்யக்கூடிய சில்லுக் குழுக்களின் எண்ணிக்கை. எக்ஸ்8, எக்ஸ்16 என்பது ஒவ்வொரு சில்லின் அகலம். வேகமும் அளவும் ஒன்றாக இருந்தாலும் எக்ஸ்16 சில்லுகளால் ஆன ஸ்டிக் சற்று மெதுவாக இருக்கும். டிடிஆர்4 எக்ஸ்8 சில்லில் 16 வங்கிகள், அதாவது தனித்தனியே இயங்கும் நினைவகப் பகுதிகள், உண்டு, எக்ஸ்16-இல் 8 மட்டுமே. திறந்து வைத்திருக்கும் வங்கிகள் குறைவாக இருந்தால் காத்திருப்பு கூடும். 8 ஜிபி ஸ்டிக்கில் நான்கே நான்கு சில்லுகள் இருந்தால் அது எக்ஸ்16. டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக்குகள் வழக்கமாக இந்த வகைதான். ஆகவே டிடிஆர்5 மடிக்கணினிக்கு இரண்டு 8-ஐவிட இரண்டு 16 வாங்குவது அளவுக்காக மட்டுமல்ல, வேகத்துக்காகவும் நல்லது.

சிஎல் எண் குறைவாக இருந்தால் வேகமா?

ஒரே வேகத்தில் இரண்டு ஸ்டிக்குகளை ஒப்பிடும்போது, ஆம். வேறு வேறு வேகங்களில் அந்த எண்ணை அப்படியே ஒப்பிடக்கூடாது, ஏனென்றால் அது கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. 2400 சிஎல்17 என்றால் ஏறத்தாழ 14.2 நானோவினாடி. 3200 சிஎல்22 என்றால் 13.75. டிடிஆர்5 4800 சிஎல்40 என்றால் 16.7. சிஎல்லை வேகத்தின் பாதியால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் நானோவினாடி வந்துவிடும். டிடிஆர்5-இன் முதல் சொல் சற்றுத் தாமதமாக வந்தாலும், பின்தொடரும் தரவின் அளவு அதை ஈடுசெய்துவிடுகிறது.

மடிக்கணினியில் இந்த எண்ணை மாற்றும் வசதி பெரும்பாலும் இல்லை. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பயாஸில் வேகத்தைக் கூட்ட முடியாதா?

சில விளையாட்டு மடிக்கணினிகளிலும் பணிநிலைய மடிக்கணினிகளிலும் எக்ஸ்எம்பியைத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாத கணினியில், மறைந்திருக்கும் பயாஸ் மெனுக்களைத் திறக்கவும் எஸ்பிடி சில்லை மாற்றி எழுதவும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. மேசைக் கணினியின் போர்டில் தவறான அமைப்பை அழிக்க ஜம்பர் இருக்கும். மடிக்கணினிகள் பலவற்றில் அது கிடையாது. தவறினால் கணினியே எழாமல் போகலாம். கிடைக்கப்போகும் பலனோ சிறியது.

நான்கு ஸ்லாட் உள்ள மடிக்கணினி. நான்கையும் நிரப்பலாமா?

அளவு தேவைப்பட்டால் நிரப்புங்கள். வேகம்தான் முக்கியம் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். ஒரே சேனலில் இரண்டு ஸ்டிக் வந்தால் மின்சமிக்ஞையின் தரம் குறைகிறது. அதனால் டிடிஆர்5-இல் 4800 என்று வாங்கிய ஸ்டிக்குகள் நான்கு சேரும்போது 4000 அல்லது 3600-க்கு இறங்குவது இயல்பு. இரண்டு மட்டும் போடுகிறீர்கள் என்றால் எந்த இரண்டு ஸ்லாட் என்பதைச் சேவைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள். தவறான ஜோடியில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழுந்துவிடும்.

நானே பொருத்தலாமா?

தாராளமாக. கணினியை முழுவதுமாக அணையுங்கள், ஸ்லீப்பில் விடாதீர்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். திருகாணிகள் நீளத்தில் வேறுபடலாம் என்பதால், எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியை நெகிழ்த்த உலோகக் கருவி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பேட்டரியின் இணைப்பை போர்டிலிருந்து விடுவிப்பது. இதைத் தவிர்த்துவிட்டு ரேமைத் தொடாதீர்கள். பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடியவிட்டு, ஏதாவது வெற்று உலோகத்தைத் தொட்டு உங்கள் உடலில் உள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள்.

பழைய ஸ்டிக்கின் இரு பக்கமும் உள்ள கொக்கிகளை வெளிப்புறமாக விலக்கினால் அது தானாகச் சாய்வாக எழும். புதியதை அதே சாய்வில், ஏறத்தாழ 30 பாகையில், தங்கநிற முனைகள் ஸ்லாட்டுக்குள் மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் கொக்கிகள் சட்டென்று பிடிக்கும். முனைகளை விரலால் தொடாதீர்கள். பாதி நுழைந்த நிலையில் கீழே அழுத்துவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

பொருத்தினேன். திரை கருப்பாகவே இருக்கிறது!

டிடிஆர்5 என்றால் முதலில் பொறுமை. புதிய ஸ்டிக்குகளுக்கு ஏற்ற நேரக்கணக்கைக் கணினி தானாகவே சோதித்துக் கற்றுக்கொள்கிறது. இதற்கு ஒரு முறை மட்டும் சில நிமிடங்கள் ஆகும். இடையில் அணைத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். சார்ஜரை இணைத்துப் பத்து நிமிடமாவது விட்டுவையுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். பழைய ஸ்டிக்கில் எழுகிறது, புதியதில் எந்த ஸ்லாட்டிலும் எழவில்லை என்றால், பழையதை வைத்துப் பயாஸைப் புதுப்பித்து இன்னொரு முறை முயலுங்கள். அதிலும் நடக்காவிட்டால் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

16 ஜிபி போட்டேன். 13.9 மட்டுமே பயன்படுத்த முடியும் என்கிறது.

மீதி 2 ஜிபி உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டி மடிக்கணினிகளில் இது அதிகம் தென்படும். சில பயாஸ்களில் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம். விளையாடுபவர்கள் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

போட்டதில் பாதிதான் தெரிகிறது என்றால் விஷயம் வேறு. முதலில் பயாஸில் முழு அளவு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், எம்எஸ்கான்ஃபிக் நிரலின் பூட் பகுதியில் அதிகபட்ச மெமரி என்ற பெட்டியில் குறி இருந்தால் நீக்குங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தவே முடியாது. 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

ரேம் கூட்டியதும் சி டிரைவில் இடம் குறைந்துவிட்டதே?

கணினி அணையும் முன் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்து வைக்கும் ஹைபர்நேட் கோப்பு, ரேமின் அளவைப் பொறுத்து வளர்கிறது. வழக்கமான அமைப்பில் ரேமின் 40 சதவீதம். ரேமில் இடமில்லாதபோது தரவுகளைத் தள்ளிவைக்கும் பேஜ் கோப்பும் கூடக்கூடும். ஹைபர்நேட் தேவையில்லை என்றால் அதை நிறுத்தி இடத்தை மீட்கலாம்.

புதிய ஸ்டிக் பழுதில்லாதது என்று எப்படி உறுதி செய்வது?

யுஎஸ்பியிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் விரைவானது. ஆனால் நுணுக்கமான பிழைகளைத் தவறவிடலாம். ரேமைப் பொறுத்தவரை ஒரே ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. அது நீங்கள் சேமிக்கும் கோப்புக்குள்ளேயே சத்தமில்லாமல் நுழைந்துவிடும். பிழை வந்தால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகச் சோதித்து எது என்று கண்டுபிடியுங்கள். டிடிஆர்5 சில்லுகளுக்குள் பிழைதிருத்தம் இருக்கிறது என்பதால் சோதனை தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் சில்லுக்குள் நடப்பதோடு சரி. சில்லிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் ஏற்படும் பிழையை அது பார்ப்பதில்லை.

கழற்றிய பழைய ஸ்டிக்கை விற்றுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். புதியது சில வாரம் சிக்கலின்றி ஓடட்டும். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் அது முடியும் வரை பழைய ஸ்டிக்கை நிலைமின்சாரம் தாங்கும் உறையில் வைத்திருங்கள். வேறு ஏதோ பழுதுக்காக மடிக்கணினியைச் சேவைக்குக் கொடுக்கும்போது, அதில் முதலில் வந்த ஸ்டிக்கை மீண்டும் பொருத்திக் கொடுத்தால், பழுதுக்குப் புதிய ரேம்தான் காரணம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.